மீட்டர் பெட்டி பேசவில்லை

மூன்றாவது முறையாக அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது, ஜெயராஜின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் எழுந்து ஓரமாக ஒதுங்கினார்கள். பிணம் போகும்போது தெருவில் ஒதுங்கி நிற்பார்களே, அப்படி. உள்ளே ஒரு ஹாரனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த தமிழ்மணி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அவனுக்கு வயது இருபத்து மூன்று. இந்தக் கடையில் நாலு வருடமாக வேலை. சிக்கலான வண்டி எது வந்தாலும் ஜெயராஜ் அவன் தலையில்தான் கட்டுவார்.

காரின் வியாதி விசித்திரமானது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று வேகம் காட்டும் முள் செத்து விழும். மீட்டரில் இருக்கிற சிவப்பு, மஞ்சள் விளக்கெல்லாம் மொத்தமாக எரியும். ஆனால் எஞ்சின் நிற்காது, வண்டி போகும். எங்காவது நிறுத்தி அணைத்துவிட்டால்தான் வினை. மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஒரு மணி நேரம் கழித்து, தூங்கி எழுந்ததைப் போல, தானாகவே ஆகும்.

காரின் பின்னாலேயே ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினாள் செல்வநாயகி. பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டையும் ஒயர் இணைக்கும் கனெக்டரும் செய்கிற யூனிட் அவளுடையது. முப்பது பேருக்கு வேலை கொடுக்கிறவள். கணவர் போன பிறகு தொழிலைத் தனியாகவே தூக்கி நிறுத்தியவள் என்பதால் அவள் வாய்க்கு ஊரே கொஞ்சம் பயப்படும்.

"ஏன் ஜெயராஜு, கிலோமீட்டரு ஓடாம வண்டி மட்டும் ஓடுமா?"

"புது மாடலு வண்டிங்கம்மா. எல்லாம் கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டரு டீசல் குடிக்குமா? டீசல் தீருது, கிலோமீட்டரு ஏறல. பாண்டிச்சேரி கம்பெனியில வண்டிய விட்டேன். ஒயருல வெளியாளு கை பட்டிருக்குது, இதுக்கு வாரண்டி கெடையாதுன்னு திருப்பி அனுப்பிட்டான். அது யாரு கை? எங் கையா?"

ஓட்டுநர் இருக்கையில் இருந்து இறங்கி நின்ற பழமலையின் முகம் சுண்டிப்போனது. மூன்று வருடமாக அவளுக்கு வண்டி ஓட்டுகிறவர். நாற்பதைத் தாண்டிய மனிதர்.

"அம்மா, எம் புள்ளை மேல சத்தியமா…"

"புள்ளையை ஏன் இழுக்கிற? மீட்டரு ஒயரைப் புடுங்கி வுட்டுட்டு சவாரி அடிச்சிட்டு வந்து, மறுபடி சொருகி வச்சிருக்கிற. ஒடைஞ்சு போச்சு, மாட்டிக்கிட்ட. நான் ஒன்னோட மல்லுக்கு நிக்கல. திங்கக்கிழமை மணவாளநல்லூரு போறேன். கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டிடுறேன். அவரு கேட்டுக்குவாரு."

டீ குடித்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். போலீசுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். பிராது வேறு விஷயம். யார் என்ன தீங்கு செய்தார் என்று காகிதத்தில் எழுதி, சாமி முன்னால் வைத்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வருவது. கட்டப்பட்டது தெரிந்ததும் திருடின ஆட்டைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்கள் உண்டு. தப்பு செய்யாதவனுக்குக்கூடத் தன் பெயர் அங்கே தொங்குகிறது என்றால் சோறு இறங்காது.

அவள் போனதும் பழமலை கடைக்குள் வந்து தமிழ்மணியின் பக்கத்தில் குந்தினார்.

"தம்பி, நான் படிக்காதவன். நீ ராத்திரி கிளாஸெல்லாம் போறியாம். எங்க கோளாறுன்னு கண்டுபிடிச்சிக் குடு. எம் பேரு அங்க ஏறிட்டா எம் பொண்டாட்டி பொழுதன்னிக்கும் அழுதுகிட்டு இருப்பா."

"பாக்கறேண்ணே" என்றான் தமிழ்மணி. அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வெளியாள் கை அவனுடையதுதான்.

தை மாத அறுப்பு சமயத்தில் வயல் எலி ஒன்று இந்தக் காருக்குள் புகுந்து, டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு மெல்லிய ஒயர்களைக் கடித்துவிட்டிருந்தது. இணைத்துக் கொடுத்தவன் அவன். அன்று பழமலை ஊரில் இல்லை. செல்வநாயகி அம்மாளே ஆள் வைத்து வண்டியைக் கொண்டுவந்திருந்தாள். ஈயம் வைத்துப் பற்றவைத்து டேப் சுற்றலாம் என்று அவன் சாமானை எடுத்தபோது, அவள் கைப்பையில் இருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கனெக்டரை எடுத்து நீட்டினாள். "டேப்பு சூட்டுல உரிஞ்சிடும். எங்க கனெக்டரைப் போடு. அடுப்புலயே போட்டாலும் ஒண்ணும் ஆவாது." இரண்டு ஒயரையும் அதன் பித்தளைத் திருகுகளில் முறுக்கி, டாஷ்போர்டுக்குள் செருகிவிட்டான். பெரிய காரில் பீங்கானா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஊரில் மிக்ஸியில் இருந்து மோட்டார் கொட்டகை வரைக்கும் பீங்கான்தான். வாயை மூடிக்கொண்டான். தன் கனெக்டர் மேல் சந்தேகமே வராத செல்வநாயகிக்கு, வெளியாள் கை என்றதும் பழமலைதான் நினைவுக்கு வந்தார்.

எந்த வேலை செய்தாலும் நோட்டில் எழுதி வைப்பது அவன் பழக்கம். அன்று சனிக்கிழமை. சாயங்காலம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். 'எலி கடித்த ஒயர் இரண்டு. இணைத்தாயிற்று. அளவு அறுபது ஓம். சரி.' தன் கையெழுத்துதான். 'சரி' என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு.

அந்த அறுபதின் கணக்கை அவன் படித்தது ராத்திரி வகுப்பில். ஜெராக்ஸ் கடை மாடியில், வாரத்தில் மூன்று நாள். வாத்தியார் போர்டில் வரைந்து காட்டியிருந்தார். காருக்குள் எஞ்சினுக்கு ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒன்று, மோதினால் விரிகிற காற்றுப் பைக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று. நாலும் ஒன்றோடொன்று பேசுவது சேர்த்து முறுக்கிய இரண்டு ஒயரில்தான். எலி கடித்ததும் அவற்றைத்தான். அந்தப் பாதையின் இரண்டு கோடியிலும் நூற்றிருபது ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு நடுவில் அளந்தால் இரண்டும் இணையாகச் சேர்ந்து, பாதியாகி, அறுபது காட்டும். ஒரு பக்கம் அறுந்து போயிருந்தால் நூற்றிருபது.

ஜெயராஜ் சென்னையில் வாங்கி வந்திருந்த, கோளாறு படிக்கிற ஸ்கேனரைத் தமிழ்மணி காரில் மாட்டினான். எஞ்சின் பெட்டி, மீட்டர் பேசவில்லை என்று புகார் சொன்னது. பிரேக்கும் அதையே சொன்னது. காற்றுப் பையும் அதையே. மீட்டரோ, மற்ற மூன்றும் தன்னோடு பேசவில்லை என்றது.

"அப்ப மீட்டருதான் அவுட்டு. மாத்திடு" என்றார் ஜெயராஜ்.

"மீட்டரு நல்லா இருக்குதுண்ணே. அதுக்கும் மத்ததுக்கும் நடுவுல பாதைதான் அறுந்து அறுந்து ஒட்டுது."

பேட்டரியைக் கழற்றினான். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்கேனர் மாட்டுகிற சாக்கெட்டில் வைத்தான். அறுபது. ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். அறுபது. கடைசியாகக் குனிந்து அந்தப் பீங்கானைப் பார்த்தான். திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. அதை மட்டும் பிடித்து இழுத்துப் பார்க்க அவனுக்குக் கை வரவில்லை. அறுபதுதானே காட்டுகிறது, என்று எழுந்துவிட்டான்.

அன்றிரவு வகுப்பில் வாத்தியார் சொன்ன ஒன்றும் காதில் ஏறவில்லை. நோட்டின் ஓரத்தில் அறுபது அறுபது என்று கிறுக்கிக்கொண்டிருந்தவனுக்கு, பாதி வகுப்பில்தான் உறைத்தது. வண்டி கெடுவது ஓடும்போது. அளப்பது நிற்கும்போது. நடக்கும்போது வலிக்கிறது என்கிறவனைப் படுக்கப்போட்டுப் பார்த்தால் வைத்தியனுக்கு என்ன தெரியும்? ஆனால் ஓடுகிற வண்டியில் பேட்டரி இருக்கும். பேட்டரி இருந்தால் ஓம் அளக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழமலையிடம் கேட்டான். "அண்ணே, பேட்டரி இல்லாம வண்டி ஓடணும். வழி இருக்குதா?"

பழமலை யோசிக்கவே இல்லை. "மூணு தபா இழுத்துக்கிட்டு வந்தோமே, அது என்ன?"

பழமலையின் மச்சான் தர்மராஜ், பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர்காரர். வெறும் டிராக்டரோடு வந்து சேர்ந்தார். காரின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் கயிறும் பின்னால் ஒரு சிவப்புத் துணியும் கட்டினார்கள். கரும்பு லோடு போய்ப் போய்க் குழியாகிக் கிடந்த பெண்ணாடம் ரோட்டில் ஊர்வலம் புறப்பட்டது. பழமலை ஸ்டேரிங்கில். பக்கத்து இருக்கையில் தமிழ்மணி, முழங்காலில் மல்டிமீட்டர்.

"எஞ்சின் ஓடாம ஸ்டேரிங்கு கல்லா இருக்குது தம்பி. பிரேக்கு அதுக்கு மேல. மச்சான் சடன் பிரேக்கு போட்டா டிராக்டருக்குள்ளாறதான் போவோம்."

"நேரா மட்டும் போங்கண்ணே."

எதிரே வந்த பஸ்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். "என்னாங்க, டீசலை மிச்சம் புடிக்கிறீங்களா?"

அறுபது. அறுபது. ஒரு சின்னப் பாலத்தின் ஏற்றத்தில் குழி ஒன்றில் சக்கரம் இறங்கி ஏறியது. எண் துள்ளியது. நூற்றிருபது. மறுபடி அறுபது. அடுத்த குழி. நூற்றிருபது. தமிழ்மணி இடது கையை டாஷ்போர்டுக்கு அடியில் விட்டுப் பீங்கானைப் பிடித்துக்கொண்டான். குழியில் விழுந்தும் அறுபது நகரவில்லை. கையை எடுத்தான். நூற்றிருபது.

"என்ன தம்பி? ஏன் இப்படி வேர்க்குது ஒனக்கு?"

"கண்டுபிடிச்சிட்டேண்ணே. ஒயருதான். ஒங்க தப்பு இல்ல."

பழமலை ஹாரனை ஓங்கி அமுக்கினார். பேட்டரி இல்லாத ஹாரன் ஊமையாக இருந்தது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மச்சானைக் கூப்பிட்டுக் கத்தினார். திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது சொன்னார்: "நீயே அம்மாகிட்ட சொல்லிடு தம்பி. நான் போய்ச் சொன்னா எடுபடாது."

கடையில் பீங்கானைக் கழற்றிப் பார்த்தபோது, திருகுக்குப் பக்கத்தில் ஒயரின் மேல்தோல் முழுசாக இருந்தது. உள்ளே செம்பு ஒடிந்திருந்தது. தமிழ்மணி நடந்ததை எல்லாம் ஜெயராஜிடம் சொன்னான்.

"நல்லதாப் போச்சு. கமுக்கமா ஈயத்த வச்சுப் பத்தவை. எலி கடிச்சதுன்னு சொல்லிக்கலாம்."

"அண்ணே, சும்மா சரி பண்ணி அனுப்பினா, அவரு புடுங்குன ஒயரை நாம சொருகினோம்னுதான் அந்தம்மா நெனைக்கும்."

"டேய் தமிழு, அந்தம்மா கம்பெனி வண்டி நாலும் நம்மகிட்டதான் வருது. அவங்க சாமானாலதான் கெட்டுச்சுன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லப் போறியா? இல்ல, நீ மாட்டுனதாலன்னு சொல்லப் போறியா?"

ஒயரைப் பற்றவைத்து முடித்து, சாயங்காலம் செல்வநாயகி வீட்டுத் தெரு முனை வரைக்கும் போனான். ஒருவேளை வேறு இடத்திலும் ஒயர் விட்டிருந்தால்? பற்றவைத்த பிறகு ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லையே. காலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, மூன்று தடவை அளந்து எழுதிக்கொண்டு போனால் பேச்சுக்கு ஒரு பிடி இருக்கும். அது நியாயம்தான் என்று அவனுக்கே தோன்றியது. தோன்றியதும் கால் திரும்பிக்கொண்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் அதே ரோட்டில் பத்து கிலோமீட்டர் போய் வந்தான். முள் விழவில்லை. மூன்று தடவையும் அறுபது. எழுதிக்கொண்டு, எட்டு மணிக்குத் தொழிற்பேட்டையில் அவள் யூனிட் வாசலில் காரை நிறுத்தினான்.

செல்வநாயகி அப்போதுதான் ஆட்டோவில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி நிறைய விபூதி.

"வண்டி ஆயிடுச்சா? நல்லது. நானும் போய்க் கட்டிட்டு வந்துட்டேன்."

 அவள் உள்ளே போனாள். சூளையில் வைக்காத பச்சைக் கட்டைகளைச் சுரண்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்க, அவனும் பின்னாலேயே போனான். மேசையில் கைக்குட்டையை விரித்துப் பீங்கானை வைத்தான்.

"இதாலதாங்க."

"என்ன இதால? இது எங்க கனெக்டரு."

"ஆமாங்க. இது பலகையில திருகி வைக்கிற சாமான். நான் ஒயருலயே தொங்க வுட்டுட்டேன். ஒயரு மயிரு மாதிரி, இது கல்லு மாதிரி. வண்டி குலுங்கக் குலுங்க இது ஆடி, உள்ளாறவே ஒடிச்சிடுச்சுங்க. நின்னு சூடு ஆறினா ஒட்டிக்கும், ஓடிக் குலுங்கினா வுட்டுடும். வுட்டதும் மீட்டருக்குச் சேதி வராது. அதான் கிலோமீட்டரு ஏறல, சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டும் ஆவல. பழமலையண்ணன் ஒண்ணுமே பண்ணலைங்க."

அவள் பீங்கானை எடுத்து, தொங்கிய ஒயரை இழுத்தாள். தோல் மட்டும் ரப்பர்போல நீண்டது.

"இதைப் போடச் சொன்னது நான்."

"ஆமாங்க."

"ஆவாதுன்னு ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சுங்க."

"வாயில என்ன, எங் களிமண்ணையா அடைச்சு வச்சிருந்த?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "சரி. இது ஒனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானங்க."

செல்வநாயகி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டிய விபூதியைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, பழமலையைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

பழமலை வந்தார். செய்தி அவருக்கு வழியிலேயே தெரிந்திருந்தது. செல்வநாயகியைப் பார்க்காமல் நேரே தமிழ்மணியிடம் வந்தார்.

"நேத்தே சொல்லிட்டல்ல நீ?"

"இல்லண்ணே."

"நான் கோழி அடிச்சேன்டா ராத்திரி. எம் பொண்டாட்டி ஒனக்கும் கொஞ்சம் எடுத்து வச்சா."

அதற்கு மேல் அவர் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. செல்வநாயகி, "வா, போய்ப் பிராதை எடுத்துட்டு வந்துடலாம். வண்டிய எடு" என்றாள். பழமலை பின் கதவைத் திறந்து, முதலாளி உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவள் ஒரு கணம் நின்று பார்த்தாள். பிறகு முன்னால் ஏறினாள். தமிழ்மணிதான் ஓட்ட வேண்டியிருந்தது. லைசென்ஸ் இருந்ததே தவிர, காலியான ரோட்டில் சோதனைக்கு ஓட்டுவதோடு சரி. கடைத்தெருவில் இரண்டு முறை எஞ்சின் நின்றுபோனது. வேகம் காட்டும் முள் மட்டும் ஒழுங்காக ஏறி இறங்கியது.

கோயில் அலுவலகத்தில் இருந்தவர் காலையில் எழுதிய அதே பேனாவை மறுபடி திறந்தார்.

"பிராதை வாபஸ் வாங்குறீங்க. காரணம் எழுதணுமா?"

"எழுதிக்குங்க" என்றாள் செல்வநாயகி. "இன்னான் செய்யல, தெரியாம எழுதிட்டேன்னு."

"செஞ்சது யாருன்னு போடணுமா?"

தமிழ்மணி முன்னால் வந்தான். "எம் பேரைப் போடுங்க. தமிழ்மணி." சொன்னதும் இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்குவதைப் போல இருந்தது.

"ஒண்ணும் வேணாம்" என்றார் பழமலை. "யாரு பேரும் வேணாம். எம் பேரு எழுதின காயிதம் கழண்டா போதும்."

"இல்லண்ணே, நான்தானே…"

"நீ சும்மா இரு. இங்க பேரு ஏறினா எப்படி இருக்கும்னு காலையில இருந்து எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது."

பேனாக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வரியை முடித்தார். இறங்கத் தொடங்கியது மறுபடி தமிழ்மணியின் நெஞ்சிலேயே நின்றுகொண்டது.

சந்நிதியில் காகிதம் கழன்றது. கற்பூரம் காட்டினார்கள். வெளியே வந்ததும் செல்வநாயகி சாவியைத் தமிழ்மணியிடம் வாங்கிப் பழமலையிடம் நீட்டினாள்.

"ஆச்சு. எடு போலாம். பதினோரு மணிக்கு லோடு அனுப்பணும்."

பழமலை கையை நீட்டவில்லை. "வேற ஆளைப் பாத்துக்கங்கம்மா. நான் வரேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஊருக்குத் திரும்புகிற விருத்தாசலம் ரோட்டில் நடக்கத் தொடங்கினார்.

அவள் சாவியோடு நின்றாள். அவர் முப்பது நாற்பது அடி போயிருப்பார். "ஏறு" என்றாள் தமிழ்மணியிடம். "அவன் பின்னாலயே ஓட்டு."

"மெதுவாவாங்க?"

"அவன் எப்படி நடக்கிறானோ அப்படி."

மனிதன் நடக்கிற வேகத்தில் காரை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தமிழ்மணிக்கு அன்றுதான் தெரிந்தது. கிளட்சை விட்டால் வண்டி பாய்ந்தது, அமுக்கினால் நின்றது. பாதி விட்டு, பாதி அமுக்கி, ஆக்சிலேட்டரைக் கொடுத்து, தத்தித் தத்திப் போனான். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். பழமலை திரும்பவில்லை. செல்வநாயகி சன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"பழமலை."

அவர் நடந்தார்.

"பழமலை, நான் கேக்காம கொள்ளாம செஞ்சிட்டேன். தப்புதான்."

அவர் நடை கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் நடந்தார். காருக்குள் கருகல் வாடை கிளம்பியது. தமிழ்மணிக்கு அது என்ன வாடை என்று தெரியும். அதை நிறுத்தும் வகைதான் தெரியவில்லை. எஞ்சின் உறுமியது. வாடை சன்னல் வழியாக வெளியேயும் போனது.

பழமலை நின்றார். மூக்கை உறிஞ்சினார். திரும்பி வந்து ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடித்துத் திறந்தார்.

"கிளட்ச்சைக் கருக்குறியேடா பாவி. மூணு வருஷமா ஒரு தபா கருகினதில்ல. எறங்கு!"

தமிழ்மணி இறங்கினான். பழமலை ஏறி இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார். கண்ணாடியைத் தன் பார்வைக்குத் திருப்பி வைத்தார். அவர் எந்த நொடியில் வண்டியைக் கிளப்புவார் என்று தெரியாமல், தமிழ்மணி ஓடிப் போய்ப் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான்.